ரங்கூன் – சென்னை விமானம்: போக ஒன்றே முக்கால் மணி, வர மூன்றே முக்கால் மணியா?

தன்லின் மகள்

எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாவைச் சென்னை வழியாகத் திருச்சிக்குக் கூட்டிப்போகப் போகிறேன். திருச்சியில் பெரியம்மா இருக்கிறார். 1964இல் கடைகளைப் பர்மா அரசு எடுத்துக்கொண்ட பிறகு கப்பலேறிப் போன குடும்பம் அவர்களுடையது. அம்மா இங்கேயே கட்டிக்கொடுத்த பெண், அதனால் தங்கிவிட்டார். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. இப்போது பேரன் புண்ணியத்தில் போனில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். பேசி முடித்த ராத்திரியெல்லாம் அம்மாவுக்குத் தூக்கம் வருவதில்லை.

அம்மாவுக்கு 80 வயது. இரண்டு முட்டியும் வலி. சமதரையில் மெதுவாக நடப்பார், படி ஏற முடியாது. விமானத்தில் போனதில்லை.

டிக்கெட் முகவர் இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒன்று நேர் விமானம்: காலை 9:15க்குப் புறப்பட்டு 11:00க்குச் சென்னை. திரும்பும்போது மதியம் 12:00க்குப் புறப்பட்டு மாலை 3:45க்கு ரங்கூன். இன்னொன்று பாங்காக் வழி: காலை 7:50க்குப் புறப்பட்டு 9:45க்குப் பாங்காக், அங்கிருந்து இரவு 10:20க்குக் கிளம்பி நள்ளிரவு 12:20க்குச் சென்னை. இது விலை குறைவு.

நேர் விமானம் போக ஒன்றே முக்கால் மணி, வர மூன்றே முக்கால் மணி என்றால் அதெப்படி? பூமி சுற்றுகிற பக்கம் போனால் ஒரு நேரம், எதிர்ப்பக்கம் போனால் ஒரு நேரம் என்கிறான் தம்பி. உண்மையில் எவ்வளவு தூரம், அம்மா எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்? பாங்காக் வழி போனால் தாங்குவாரா? எந்த மாதம் நல்லது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்சேன் தமிழன்

அக்கா, தூரம் கிட்டத்தட்ட 1,770 கிலோமீட்டர். நம்ம மைல் கணக்கில் 1,100. போகவும் வரவும் ஒரே நேரம்தான், இரண்டே முக்கால் மணி. சென்னைக் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி பின்னால் ஓடுகிறது, அதுதான் விஷயம்.

பழைய டிக்கெட் மேசை

மகளே, இன்சேன் தம்பி சொன்னது சரி. நீ அம்மாவைக் கூட்டிப்போகிறாய், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மகாபந்தூலா வீதியில் ஒரு பயண அலுவலகத்தில் டிக்கெட் எழுதியே தலை நரைத்தவன் நான். நீ கேட்ட கேள்வியை அந்த மேசைக்கு முன்னால் நின்று கேட்காத குடும்பம் குறைவு.

டிக்கெட்டில் போட்டிருக்கிற புறப்பாட்டு நேரம் புறப்படுகிற ஊரின் கடிகாரம். இறங்கும் நேரம் இறங்குகிற ஊரின் கடிகாரம். உலகம் முழுக்க இந்த வழக்கம்தான். பர்மா நேரம் கிரீன்விச்சிலிருந்து ஆறரை மணி முன்னால், இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால். சென்னையில் 11:00 என்றால் உன் வீட்டுக் கடிகாரத்தில் 12:00. 9:15இலிருந்து 12:00 வரை எண்ணிப் பார், இரண்டே முக்கால். திரும்பும்போது சென்னையில் மதியம் 12:00 என்பது இங்கே 1:00. அதிலிருந்து 3:45 வரை எண்ணினாலும் அதே இரண்டே முக்கால்தான்.

தம்பி கேட்டது நல்ல கேள்வி. அவனிடம் இப்படிச் சொல். பூமி சுற்றும்போது காற்றும் கூடவே சுற்றுகிறது, அந்தக் காற்றுக்குள்தான் விமானம் நீந்துகிறது. நம்ம ஊர் இருக்கிற அகலக்கோட்டில் பூமி மணிக்கு சுமார் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுற்றுகிறது. அவன் சொல்வது நடந்தால் விமானம் ரங்கூன் மிங்கலாடோன் நிலையத்தில் மேலே எழும்பி அப்படியே நின்றாலே போதும், ஒரு மணி நான்கு நிமிடத்தில் சென்னை தானாகக் காலடிக்கு வந்துவிடும். எண்ணெய்ச் செலவே இருக்காது.

அந்த ஒரு மணி நான்கு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பான். ரங்கூனுக்கும் சென்னைக்கும் நடுவே தீர்க்கரேகையில் 16 பாகை. சூரியன் ஒரு பாகை கடக்க 4 நிமிடம். ஆக 64 நிமிடம். ரங்கூனில் விடிந்து ஒரு மணி சொச்சம் கழித்துத்தான் சென்னைக்கு வெளிச்சம் போகிறது. இந்தியாவுக்கு 1906இலிருந்து ஐந்தரை, பர்மாவுக்கு ஆறரை என்று வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த கணக்கு சூரியனுக்கு ஒத்துத்தான் இருக்கிறது. அதனால் அம்மாவின் உடம்புக்கு அந்த ஒரு மணி ஒன்றும் செய்யாது. மாத்திரையை வழக்கமான நேரத்துக்கே கொடு.

தூரத்துக்கு வருகிறேன். 1,770 என்பது மிங்கலாடோன் ஓடுபாதைக்கும் மீனம்பாக்கம் ஓடுபாதைக்கும் இடையே பறவை போகிற தூரம். விமானி பேசுகிற கடல் மைலில் 955 வரும். வலையில் தேடினால் ஒவ்வொரு இடத்திலும் சில கிலோமீட்டர் கூடவோ குறையவோ காட்டும். சிலர் ஊர் நடுவிலிருந்து அளக்கிறார்கள், இங்கே சூலே பகோடா, அங்கே சென்ட்ரல் பக்கம். சிலர் விமான நிலையத்திலிருந்து அளக்கிறார்கள். அதைப் பார்த்துக் குழம்பாதே.

விமானம் மேலே போய் நிலைத்த பிறகு மணிக்கு 830 கிலோமீட்டர் போல ஓடும். 1,770ஐ 830ஆல் வகுத்தால் இரண்டு மணி எட்டு நிமிடம். மிச்ச 37 நிமிடம் எங்கே? கதவைச் சாத்தி ஓடுபாதைக்கு உருண்டு போக ஒரு கால் மணி. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது. சென்னையில் இறங்க வரிசை இருந்தால் ஒரு சுற்று சுற்றவிடுவார்கள். இதையெல்லாம் கூட்டித்தான் டிக்கெட்டில் நேரம் போடுகிறார்கள். அதனால் டிக்கெட்டில் உள்ளதைவிட ஒரு கால் மணி முன்னதாகப் போய் இறங்குவதும் உண்டு.

மேற்கே பத்தேன் ஊரைத் தாண்டினால் அப்புறம் வங்காள விரிகுடா மட்டும்தான். அந்தமான் தெற்கே தள்ளி இருக்கிறது, கண்ணில் படாது. சென்னைக் கரை வரை தண்ணீர். இதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. முதல் தடவை போகிற பெரியவர்கள் கீழே நிலம் தெரியாவிட்டால் பயப்படுவார்கள்.

இனி பாங்காக் வழி. ரங்கூனிலிருந்து பாங்காக் தென்கிழக்கே சுமார் 600 கிலோமீட்டர். சென்னை மேற்கே. முதலில் முதுகைக் காட்டி 600 போய், பிறகு பாங்காக்கிலிருந்து 2,230 திரும்பி வருகிறாய். மொத்தம் 2,830. தூரம் கூடியது அல்ல என் கவலை. உன் சீட்டை நம்ம கடிகாரத்தில் எண்ணிப் பார். காலை 7:50க்கு ஏறி, சென்னை நள்ளிரவு 12:20 என்றால் இங்கே 1:20. பதினேழரை மணி நேரம். அதில் பறப்பது ஐந்து மணிதான். பன்னிரண்டரை மணி நேரம் ஒரு 80 வயது அம்மாள் இரும்பு நாற்காலியில் குளிர்காற்றில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. பாங்காக்கில் இரண்டு விமான நிலையம். டான் மியூவாங் (சீட்டில் டி.எம்.கே.) ஒன்று, சுவர்ணபூமி (பி.கே.கே.) ஒன்று. ஊரின் இரு பக்கம். சீட்டில் டி.எம்.கே. என்று இறங்கி பி.கே.கே. என்று ஏறுவதாக எழுதியிருந்தால் நடுவில் குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, ஊரைச் சுற்றிக் காரில் போக வேண்டும். விலை குறைந்த சீட்டு பலவும் இரண்டு தனி டிக்கெட்டாக இருக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி பொறுப்பெடுக்காது. முகவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: ஒரே டிக்கெட்டா, பெட்டி நேராகச் சென்னைக்குப் போகுமா, இரண்டு விமானமும் ஒரே நிலையமா.

நான் சொல்வது நேர் விமானம். அது எல்லாக் கிழமையும் கிடைக்காது. கிடைக்கிற கிழமைக்கு உன் நாளை மாற்று. கூடப்போகிற காசு அம்மாவின் முட்டிக்குக் கொடுக்கிற காசு.

மோல்மேன் வாசி

ஐயா எழுதியதைப் படித்தேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். என் அப்பா கப்பல் காலத்து ஆள். சென்னைக்கு மூன்று, நான்கு நாள் என்பார். ஆடி மாதம் மதராசிலிருந்து ரங்கூன் வரும் கப்பலுக்குப் பின்காற்று, ரங்கூனிலிருந்து போகும் கப்பலுக்கு எதிர்காற்று, அலையும் பெரிது என்று சொல்லிக்கொண்டிருப்பார். தென்மேற்குப் பருவக்காற்று அப்படித்தானே வீசுகிறது. விமானத்துக்கும் அந்தக் கணக்குதானா? அப்படியானால் ஆடியில் போக நேரம் கூடுமே.

பழைய டிக்கெட் மேசை

மோல்மேன் தம்பி, உங்கள் அப்பா சொன்னது கடல்மட்டத்துக்கு நூற்றுக்கு நூறு சரி. விமானம் போகிற உயரத்தில் அது தலைகீழ். இதை எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகும் ஒரு விமானி எனக்கு விளக்கினார், அன்றிலிருந்து வானத்தைப் பார்க்கிற பார்வையே எனக்கு மாறிவிட்டது.

ஆனி, ஆடி, ஆவணியில் கீழே தென்மேற்கிலிருந்து காற்று வந்து நம்மை நனைக்கிறது. அதே நேரத்தில் மேலே 40,000, 50,000 அடியில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று ஓடுகிறது. தென்னிந்தியாவுக்கு மேலேதான் அதற்கு வேகம் அதிகம். கீழைத் தாரைக்காற்று என்பார்கள். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். திபெத்துப் பீடபூமி கோடையில் சூடேறுவதால் மேலே உள்ள காற்றும் சூடாகி, தெற்கே இந்தியப் பெருங்கடல் பக்கம் குளிர்ச்சியாக இருப்பதால், அந்த வித்தியாசத்தில் பிறக்கிற காற்று அது. நம்ம விமானங்கள் 34,000 முதல் 38,000 அடியில் போகும். காற்றின் நடுமையம் அதற்கும் மேலேதான், ஆனாலும் அதன் இழுப்பு இங்கே வரை இருக்கும். ஆகவே ஆடியில் சென்னை போகிற விமானத்துக்குப் பின்காற்று, ரங்கூன் வருவதற்கு எதிர்காற்று. தை, மாசியில் மேலே மேற்கிலிருந்து காற்று, அப்போது மாறிவிடும்.

எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று என்று வையுங்கள். எதிராக வந்தால் 770 வேகம், இரண்டு மணி பதினெட்டு நிமிடம். பின்னால் வந்தால் 890, இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் குறைவு. மொத்தம் 19 நிமிடம். நாள் குறிக்க இது காரணமில்லை.

நாள் குறிக்க வானிலையைப் பார், மகளே. ஆடி, ஆவணியில் மிங்கலாடோனில் ஏறும்போதே மேகத்துக்குள் விமானம் ஆடும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வானம் தெளிந்திருக்கும், ஆனால் சென்னையில் அப்போதுதான் வடகிழக்கு மழை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை ஓடுபாதையே தண்ணீரில் மூழ்கி நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் மூடினார்கள். மார்கழிக் கடைசி நாளில், அதாவது போகி அன்று காலையில், சென்னையில் போய் இறங்கும்படி வைத்துக்கொள்ளவே வேண்டாம். ஊரே பழைய பொருளைக் கொளுத்தும் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போன வருடங்கள் உண்டு. விமானத்தை வேறு ஊருக்குத் திருப்பிவிடுவார்கள். மாசி மாதம் இரண்டு ஊரிலும் வானம் நல்லது. வெயிலும் ஏறியிருக்காது. என்னைக் கேட்டால் மாசி.

திருச்சி மருமகள்

அக்கா, நான் பிறந்தது பேகூ, கட்டிக்கொடுத்தது திருச்சியில். இங்கே மருத்துவமனையில் நர்ஸ் வேலை. அம்மா விஷயமாகச் சிலது சொல்ல வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள், குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன். “நாற்காலி வேண்டும்” என்று மட்டும் சொன்னால் போதாது. அதில் மூன்று வகை இருக்கிறது. படி ஏறுவார், தூரம் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படி ஏறவே முடியாது, ஆனால் இருக்கை வரை நடப்பார் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். ஒரு அடியும் நடக்க முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.சி. நீங்கள் சொன்னதைப் பார்த்தால் அம்மாவுக்கு எஸ். இது முக்கியம், ஏனென்றால் சில நேரம் விமானம் தள்ளி நிற்கும், பேருந்தில் கூட்டிப்போய் ஏணிப்படியில் ஏறச் சொல்வார்கள். எஸ் என்று பதிந்திருந்தால் தூக்கி ஏற்றுகிற வண்டி ஏற்பாடு செய்வார்கள். பதிந்த எழுத்து டிக்கெட்டில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நான்கு மணிக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறைகிற அபாயம் கூடும். உங்கள் நேர் விமானம் அதற்கு உள்ளேதான். ஆனாலும் கணுக்காலை அடிக்கடி மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். ஒன்றுக்கு வரும் என்று பயந்து பெரியவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள், அதை விடாதீர்கள். இறங்கும்போது காது அடைக்கும். வாயில் ஒரு கற்கண்டு போட்டு விழுங்கிக்கொண்டே இருந்தால் சரியாகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கே நேர் விமானம் நிறைய. ரங்கூன்–கோலாலம்பூர் சுமார் 1,690, கோலாலம்பூர்–திருச்சி சுமார் 2,690. சென்னைக்குள் போகவே வேண்டாம். இறங்கினால் பெரியம்மா வீடு பக்கம்.

தன்லின் மகள்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தம்பியை உட்காரவைத்து 64 நிமிடக் கணக்கைப் படித்துக் காட்டினேன், காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முகவரிடம் கேட்டேன். பாங்காக் சீட்டு இரண்டு தனி டிக்கெட்தான், நிலையமும் வேறு வேறு. அதை விட்டுவிட்டேன்.

கோலாலம்பூர் வழி மனசை இழுக்கிறது. ஐயா என்ன சொல்கிறீர்கள்? சென்னையில் இறங்கினால் திருச்சிக்கு எப்படிப் போவது? அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடல் பார்க்க வேண்டும் என்கிறார். அவருடைய அக்கா போன கடலாம்.

பழைய டிக்கெட் மேசை

கோலாலம்பூர் வழி மொத்தம் 4,380 கிலோமீட்டர், நேர்வழியைப் போல இரண்டரை மடங்கு. இரண்டாவது விமானம் மட்டுமே நான்கு மணி நேரம் போல. முட்டி நன்றாக உள்ளவர்களுக்கு நானே அதைச் சொல்லியிருப்பேன், திருச்சியிலேயே இறங்குவது பெரிய வசதி. அம்மாவுக்கு இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்க வேண்டும், நடுவில் பெரிய நிலையத்தைக் கடக்க வேண்டும். கோலாலம்பூரிலும் முனையம் இரண்டு தனிக் கட்டிடம், நடுவில் ரயில். இரண்டு விமானமும் ஒரே முனையம், ஒரே டிக்கெட், இடைவெளி மூன்று மணி என்று கிடைத்தால் யோசிக்கலாம். இல்லையென்றால் சென்னை.

புறப்பாடு 9:15 என்றால் 6:15க்கு மிங்கலாடோனில் இரு. தன்லின்னிலிருந்து பாலம் தாண்டி வர விடியற்காலையிலேயே கிளம்பு, நெரிசலை நம்பாதே. அம்மாவுக்கு அது சின்னப் பொழுதில்லை. அதனால் அன்றைக்கே திருச்சிக்கு ஓடாதே. சென்னையில் ஒரு இரவு படுத்து எழுந்து போ.

ஜன்னல் கொடு. இரண்டே முக்கால் மணிதான், ஏறுமுன் கழிவறைக்குக் கூட்டிப்போய்விடு. நடு இருக்கையில் நீ இரு. இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசை கேட்டு வாங்கு, இல்லையென்றால் கடலுக்குப் பதில் இறக்கைதான் தெரியும். காலை நேரம் மேற்கே போகிறாய், வெயில் இடப்பக்கம் பின்னாலிருந்து அடிக்கும். வலப்பக்கம் கண் கூசாது.

திருச்சி மருமகள்

ஐயா சொன்னதுபோல் ஒரு இரவு தங்குவது நல்லது. மறுநாள் எழும்பூருக்குப் போகாதீர்கள் அக்கா, அது விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்ளே எதிர்ப்பக்கம். தாம்பரத்துக்கு வாருங்கள். தெற்கே வரும் ரயில்கள் பெரும்பாலும் அங்கே நிற்கும், விமான நிலையத்துக்கும் பக்கம். தங்குவதும் தாம்பரம் பக்கமே வையுங்கள். பிற்பகலில் வைகை, பல்லவன் இரண்டும் இருக்கிறது. திருச்சிக்கு ஐந்து மணி நேரம் போல, உட்கார்ந்து வரும் வண்டிகள். குளிர்சாதனப் பெட்டியில் எடுங்கள், கால் நீட்டக் கொஞ்சம் இடம் இருக்கும். அம்மா படுத்துத்தான் வர வேண்டும் என்றால் இரவு வண்டியில் கீழ்ப்படுக்கை கேளுங்கள், மூத்தவர்களுக்கு அதில் தனி ஒதுக்கீடு உண்டு.

தேதி உறுதியானதும் இங்கே போடுங்கள். திருச்சி நிலையத்தில் நடைமேடைக்கு நாற்காலியோடு நானே வருகிறேன்.